பேச்சுக்கு விழுந்த நாலு

வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. ஸ்ரேயாஸ் போனை வயரோடு இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், கதவை ஒருக்களித்துவிட்டு, ஜெகதீசனின் நம்பரை அழுத்தினான். மினி லாரி ஓட்டும் அவன் அப்பாவின் செல்போன் ராத்திரியில் ஜெகதீசனிடம்தான் இருக்கும்.

"இன்னாடா இந்நேரத்துல?"

"ஜெகா, நாளைக்கு நான் செத்தேன்டா. ஆளு கட்டிட்டேன்."

ஜெகதீசனைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது.

ஞாயிறுதோறும் மாமல்லபுரத்தில் அச்சுதன் வீட்டு மொட்டை மாடியில் ஆட்டம் நடக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு மேலே படிக்கிற அச்சுதன்தான் கதையை நடத்துவான். நாவலூரில் வேலை பார்க்கும் அவன் அண்ணன் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த விதிகள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடக்க வேண்டும். பாத்திரத்தின் பலம், வேகம், தெம்பு, படிப்பு, சமயோசிதம், பேச்சு எல்லாவற்றையும் பகடைதான் முடிவு செய்யும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை, ஒரே எறிதல்; பதினெட்டுதான் உச்சம். விழுந்ததை மாற்றக் கூடாது. மாடியில் உட்கார்ந்து இப்படிப் பகடை உருட்டி ஆள் கட்டினால் பொழுது போய்விடும் என்று வீட்டிலேயே கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தான்.

போன மாதம் ஜெகதீசன் கொண்டுவந்த ஆளுக்கு ஒன்றைத் தவிர எல்லாமே உச்சத்தில் இருந்தது. "இது ஆளாடா, சாமியாடா? கோயில் கட்டிக் கும்புடு" என்றான் அச்சுதன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ஸ்ரேயாஸ். அதற்குப் பிறகு ஜெகதீசனை யாரும் கூப்பிடவில்லை.

"எனக்குப் பதினெட்டு விழுந்துச்சுடா. அப்புறம் பதினேழு. மறுபடி பதினெட்டு. சத்தியமா நானா போடலை, விழுந்துச்சு."

"யாரு பாத்தா?"

"யாருமே பாக்கலை."

"அப்போ கொறச்சி எய்தினு போ."

"அதுவும் பொய்தானேடா?"

வாரம் முழுக்க அந்த ஆளோடு வாழ்ந்திருந்தான் ஸ்ரேயாஸ். கலங்கரை விளக்கத்துக் காவல்காரன். புயல் ராத்திரியில் விளக்கை அணையவிட்டு ஊரைவிட்டு ஓடியவன். பேர், தழும்பு, பழைய செருப்பு வரைக்கும் யோசித்து வைத்திருந்தான். இப்போது அவனைக் கொண்டுபோனால் இவனையும் விரட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இனி இருக்காது.

"எல்லாம் படி, கேக்கறேன்" என்றான் ஜெகதீசன்.

படித்தான். கடைசியில், "பேச்சு, நாலு."

"நாலா?" அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "டேய், நீ நெஜமா போட்டிருக்கடா!"

"எப்படிச் சொல்ற?"

"நான் போட்டது டுபாகூரு மச்சான். ஒரே ஒரு தடவைதான் உருட்டுனேன், மீதியெல்லாம் கைல வந்ததை எய்தினேன். சந்தேகம் வரக் கூடாதுன்னு ஒண்ணை மட்டும் கொறைச்சேன். அதுக்கே பன்னெண்டு போட்டேன். நாலுன்னு எய்த எவனுக்கும் மனசு வராது."

"நாளைக்கு வந்து இதை அச்சுதன் அண்ணாகிட்டச் சொல்றியாடா?"

"அன்னிக்கு ஈன்னு இளிச்சியே, அப்போ இன்னா பண்ணே?" லைன் கட்டாகிவிட்டது.

மறுநாள் மாடியில் காற்று தாளைப் பறிக்கப் பார்த்தது. மேலே வைத்திருந்த கருங்கல் சில்லை எடுத்துவிட்டு அச்சுதன் படித்தான். புருவம் ஏறியது. "இன்னொரு கோயிலா?" மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணாத்த, அது நெஜம்." மாடிப்படியில் ஜெகதீசன் மூச்சு வாங்க நின்றான். "பஸ்சு லேட்டு. பொய் போட்டது நானு. பொய் போடறவன் நாலு எய்த மாட்டான். கடைசி வரியப் பாரு."

அச்சுதன் கடைசி வரியைப் பார்த்தான். அப்புறம் பகடைகளை ஜெகதீசன் பக்கம் தள்ளினான். "உக்காரு. எல்லார் முன்னாடியும் போடு."

தாளை ஸ்ரேயாசிடம் திருப்பிக் கொடுத்தான்.

"சேத்துக்கிட்டீங்களா அண்ணா?"

"சேத்தாச்சு. இன்னிக்குக் கதையில கோட்டை வாசல் மூடியிருக்கு. காவலாளிகிட்டப் பேசி எல்லாரையும் உள்ள கூட்டிட்டுப் போகப் போறது உன் ஆளுதான்."

ஸ்ரேயாஸ் தாளின் கடைசி வரியைப் பார்த்தான். பேச்சு, நாலு.