நாற்பது லட்சம் பேரும் ஒரு மெத்தைக்கடையும்

வியாழக்கிழமை என்றாலே புள்ளிக்கு நாற்காலி ஒத்துக்கொள்ளாது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் ரேட்டிங் அன்றைக்குத்தான் வரும். உட்காருவான், எழுவான், தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய்க் குடிக்காமல் திரும்புவான். தான் தயாரிக்கும் நிகழ்ச்சி ஒரு புள்ளி வாங்கியதா, முக்கால் புள்ளியா என்று வருஷக்கணக்கில் புலம்பித் தீர்த்ததில், பெற்றவர்கள் வைத்த பேர் சேனலில் எல்லோருக்கும் மறந்துபோய் புள்ளி என்பதே நிலைத்துவிட்டது.

நிகழ்ச்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிவந்து சோபாவில் உட்கார வைப்பார்கள். புள்ளியின் கூடப்பிறந்த அக்கா இருவரையும் விசாரிப்பாள். அக்கா வக்கீலுக்குப் படித்தவள் அல்ல. பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து, மார்க் குறைந்ததற்கு மல்லுக்கட்ட வரும் அப்பா அம்மாக்களைப் பல வருஷம் சமாளித்தவள். அதைவிடப் பெரிய படிப்பு என்ன இருக்கிறது? அந்த வேலையை உதறிவிட்டு வா என்று கையைப் பிடித்து இழுத்து வந்தவன் புள்ளிதான். ஆகையால் நிகழ்ச்சி படுத்தால் தம்பி, அக்கா இரண்டு பேரின் பிழைப்பும் சேர்ந்து படுக்கும்.

அந்த வியாழன் ரேட்டிங் அரைப் புள்ளிக்கும் கீழே போயிருந்தது. சேனல் தலைவர் அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்தே பேசினார். சாயங்காலத்துக்குள் விளம்பரதாரர் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் நிகழ்ச்சி பிழைக்கும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணியை வழுக்கைத் தைலக்காரர்களுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அவர்கள் பணமும் கட்டி, பேச்சையும் தாங்களே பேசிக்கொள்வார்கள். தலைவரே கொஞ்சம் வழுக்கை என்பதால் அவர் குரலில் ஒரு ஆசையும் தெரிந்தது.

புள்ளியின் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. போன வாரம் ஒரு புருஷன், வீட்டில் நான் வாயே திறப்பதில்லை மேடம் என்று பெருமை அடித்துக்கொண்டான். அக்கா நிமிர்ந்து பார்த்து, "திறக்காத வாய்க்குள்ள மூணு வேளையும் சோறு எப்படிப்பா போகுது?" என்று கேட்டுவிட்டாள். எடிட்டர் பெண் அந்த இடத்தை மட்டும் நறுக்கி, கைபேசிக்கு ஏற்றமாதிரி நெட்டுவாக்கில் வெட்டி, இணையத்தில் விட்டாள். வியாழக்கிழமைக்குள் நாற்பது லட்சம் பார்வை. டிவியில் நாதியற்றுக் கிடந்த நிகழ்ச்சி, கைபேசியில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது.

விளம்பரதாரர் மெத்தைக்கடை முதலாளி. கடை மாடியில். போகிற வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் புள்ளி கைபேசியை எடுத்துப் பார்த்தான். பச்சை விழுந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்ததில், பின்னால் வந்த ஆட்டோக்காரர் அவன் பரம்பரையையே விசாரித்தார்.

முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்த மெத்தைகளின் மேல், மேடையில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார். புள்ளி நாற்பது லட்சத்தைச் சொன்னான். அவர் அசரவில்லை. சரக்கின் நிறத்தைச் சொல்லாதே, எடையைச் சொல் என்கிற ஜாதி வியாபாரி. இந்த நாற்பது லட்சத்தை யார் எண்ணுகிறார்கள், எப்படி எண்ணுகிறார்கள் என்று நிதானமாகக் கேட்டார்.

புள்ளி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவன் மூன்று நொடி தயங்கினால் ஒன்று என்று எண்ணுவார்கள், சில இடத்தில் அந்தத் தயக்கம்கூட வேண்டாம், ஒரே ஆள் நாலு தடவை பார்த்தால் நாலு என்று உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"அப்ப என் கடைவாசல்ல பஸ்ஸுக்கு நிக்கிறவன், மழைக்கு ஒதுங்கறவன் எல்லாம் என் வாடிக்கை. நானே நாலு தடவை வெளியே போய் உள்ளே வந்தா அதுவும் நாலு. அப்படித்தானே தம்பி?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று புள்ளி தொலைக்காட்சிக் கணக்குக்குத் தாவினான். ரேட்டிங் அப்படி இல்லை, சில வீடுகளில் பெட்டி பொருத்தி, யார் எத்தனை நிமிஷம் பார்த்தார்கள் என்று அளந்து, அதை ஊருக்கெல்லாம் பெருக்கிச் சொல்வது. அரைப் புள்ளி என்றாலும் அந்த ஒரு மணி நேரமும் எந்த நிமிஷத்தில் எட்டிப் பார்த்தாலும் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம் என்றான்.

முதலாளிக்கு அது பிடித்துப் போயிற்று. அவருடைய அப்பா தானிய வியாபாரி. மூட்டைக்குள் குத்தூசியை விட்டு நாலு மணியைக் கையில் கொட்டிப் பார்த்து, வண்டிச் சரக்கு மொத்தத்துக்கும் விலை சொல்வாராம். அந்த அளவை நான் நம்புகிறேன், ஆனால் உன் மூட்டையில் குத்தூசி என்ன சொல்கிறது, போன வருஷத்தில் பாதி என்கிறதே என்றார். புள்ளி மறுபடியும் நாற்பது லட்சத்துக்கு ஓடினான். கால் மணி நேரத்துக்குள் இரண்டு கட்சிக்கும் வக்காலத்து வாங்கி, இரண்டிலும் தோற்றுக்கொண்டிருந்தான். நின்ற இடத்தில் கால் நிற்கவில்லை. ஒரு தலையணையை எடுத்துக் கசக்கிக்கொண்டே இருந்தான். விற்பனைப் பெண் வந்து அதை மெல்ல வாங்கிக்கொண்டு போனாள்.

"சரி, போட்டுக் காட்டு," என்றார் முதலாளி.

புள்ளி போட்டுக் காட்டினான். அக்கா கேட்டாள், புருஷன் திருதிருவென்று விழித்தான், பெண்டாட்டி சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தரம் போடச் சொன்னார்.

"என் பேர் எங்கே?"

அப்போதுதான் புள்ளி பார்த்தான். முதலாளியின் கடைப்பேர் அக்காவுக்குப் பின்னால் சுவரின் இடது ஓரத்தில் பெரிதாக, விளக்கெல்லாம் போட்டு இருக்கும். அக்காவின் முகத்தை நடுவில் வைத்து நெட்டுவாக்கில் வெட்டியபோது, சுவரும் பேரும் விளக்கும் எல்லாம் கத்திரிக்கு வெளியே போய்விட்டன. நாற்பது லட்சம் தடவையும் போயிருந்தன. ராத்திரி பகலாக எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தவன் படத்தை ஒரு தரம்கூட முழுசாகப் பார்க்கவில்லை.

முதலாளி கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது சமாளித்திருக்கலாம். அவர் கோபப்படாமல் கடை ஆட்களைக் கூப்பிட்டார். இந்த வீடியோ பார்த்தீர்களா என்றார். விற்பனைப் பெண்கள், சுமை தூக்குகிறவர், வண்டியோட்டி, எல்லோரும் பார்த்திருந்தார்கள். வண்டியோட்டி அக்காவைப் போலவே கழுத்தை நிமிர்த்திக் கேட்டுக் காட்டினார். எந்த சேனல் என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. யார் விளம்பரம் என்றதற்கு ஒரு பெண் கொஞ்சம் யோசித்து, எதிர்த்த மெத்தைக்கடை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் யார் பார்க்கிறீர்கள் என்ற கேள்விக்குக் கணக்குப்பிள்ளை ஒருவர்தான் தலையாட்டினார். அவரும் வீட்டுக்காரம்மாவும் தவறாமல் பார்ப்பார்களாம். நம் விளம்பரம் எத்தனை தடவை வரும், எந்த மெத்தையைக் காட்டுவார்கள் என்று மனப்பாடமாக ஒப்பித்தார். அப்படியானால் நம்மிடம் ஒரு மெத்தை வாங்கியிருக்கலாமே என்று முதலாளி மடக்கினார். எனக்கு முதுகுவலி, பாயில்தான் படுக்கிறேன் என்றார் கணக்குப்பிள்ளை.

முதலாளி எல்லோரையும் வேலைக்கு அனுப்பிவிட்டுப் புள்ளியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தம்பி, டிவியில என் பேர் இருக்கு, ஆள் இல்ல. போன்ல ஆள் இருக்கு, என் பேர் இல்ல. ரெண்டுலயும் இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, உங்க அக்கா. எனக்கு அது போதும்."

அவர் திட்டம் சுருக்கமாக இருந்தது. டிவி வேண்டாம். மாடியில் பாதியை ஒதுக்கித் தருகிறார். அக்கா அங்கே மெத்தையில் உட்கார்ந்து விசாரிக்கட்டும். சண்டைக்காரர்களும் மெத்தையிலேயே உட்காரட்டும். எந்தக் கத்திரி எப்படி வெட்டினாலும் மெத்தை தப்பாது. எடிட்டர் பெண்ணையும் அவரே வைத்துக்கொள்வார். அக்காவுக்கு மாதாமாதம் ஒரு தொகை சொன்னார்.

தொகை காதில் விழுந்ததும் புள்ளிக்கு ரத்தம் சூடாகிவிட்டது. அக்காவை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறாரே என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான். அந்த முகத்தைத் தேடிக் கைபேசியைத் திறக்கிறவர்கள் எத்தனை பேர் என்றான். எதிர்க்கடைக்காரர் கேட்டால் என்ன தருவார் என்றான். எழுந்து வாசல்வரை போனான்; கூப்பிட்டதும் திரும்பி வந்தான். முதலாளி உதட்டைப் பிதுக்கினார், கொஞ்சம் ஏறினார், பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் முதலில் சொன்னதற்கு இரண்டு பங்குக்கு அருகில் வந்து நின்றார்கள். கை குலுக்கினார்கள். நீ என்னிடம் வியாபாரத்துக்கு இருந்திருக்க வேண்டியவன் என்று முதலாளி மெச்சிக்கொண்டார்.

பாதிப் படி இறங்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அக்காவுக்கு இடம் பேசினான், தொகை பேசினான். எடிட்டர் பெண்ணுக்கும் வேலை ஆயிற்று. தனக்கு என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஒரு மெத்தை, ஒரு அக்கா, ஒரு கைபேசி, வெட்ட ஒரு பெண். இதில் தயாரிப்பாளருக்கு என்ன வேலை? டிவி நிகழ்ச்சியைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று பேசி முடித்துக் கையும் குலுக்கியாகிவிட்டது.

ஒரு படி ஏறினான், இரண்டு படி இறங்கினான். கீழேயிருந்து ஒரு மெத்தையை ஆளே தெரியாமல் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். அவர்களுக்காகச் சுவரோடு ஒட்டி நின்றான். அப்படியே அக்காவைக் கூப்பிட்டான்.

நடந்ததை வரிசையாகச் சொன்னான். அக்கா குறுக்கிடாமல் கேட்டாள். விசாரிப்பது அவளுக்குத் தொழில் அல்லவா. தொகையைச் சொன்னபோது மட்டும், திரும்பச் சொல்லு என்றாள்.

"டேய், உனக்கு என்ன சொன்னாரு?"

"என்னைப் பத்திப் பேச்சு வரலக்கா."

"நீ கேக்கலையா?"

"உன் பேச்சிலேயே இருந்துட்டேன்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. கையைத் துடைத்துக்கொள்கிறாள் போல. வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று அவன் நினைத்தான். அப்படிச் சொன்னால் எப்படிச் சமாதானப்படுத்துவது என்றும் யோசித்து வைத்தான். வேண்டாம் என்றே சொல்லிவிடமாட்டாளா என்ற ஆசையும் உள்ளே ஒரு மூலையில் எலிபோல ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எப்படியும் எதையாவது புடிச்சுக்குவே," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "எனக்குத்தான் இந்த வயசுல போக வர ரெண்டு பஸ். வண்டி அனுப்புவாரான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. இரு, கேட்டுச் சொல்கிறேன் என்று கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, மெத்தை தூக்கிப் போனவர்களின் பின்னாலேயே புள்ளி படியேறினான்.