கோடி போடுவதற்கு முன்

கலைவாணி பூட்டிய அறைக்குள், பொத்தான் வைத்த ஹார்ட் டிஸ்கில் எட்டாவது எண்ணை அழுத்தினாள். டிஸ்கின் மேலிருந்த சிவப்பு விளக்கு பச்சையானது.

வாசலில் அக்கா பிரேமலதாவைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று அக்கா புருஷன் கிரண்குமார் குடிபாலா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். பிரேமலதாவின் கழுத்தில் விரல் தடம் இருந்தது. அதன்மேல் மஞ்சளை அப்பியிருந்தார்கள்.

"அவன் அடிக்கிறத எல்லாம் எடுத்து டிஸ்க்ல போட்டு கீறேன்டி. அரிசி டின்ல கீது. நம்பர் எழுதிக்கோ. பத்து தபா தப்பா அமுக்குனா அதுவே அழிச்சிக்கும்." போன வாரம் அக்கா போனில் சொன்னது.

கலைவாணிக்கு அலிபிரியில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. கடைசி நாட்களின் வீடியோக்களை முதலில் லேப்டாப்பில் செருகிய புது டிஸ்குக்கு இழுத்தாள். அறுபது சதவீதம்.

கதவு அதிர்ந்தது. அவள் அப்பா பாலையா.

"தாய்வீட்டுக் கோடி போட்டாத்தானே பொணத்த எடுப்பாங்க. பொடவைய வெச்சிக்கினு உள்ள இன்னாமா பண்றே?"

"பிரிச்சிக்கினு கீறேன் நைனா."

"ஒரு பொடவ பிரிக்க ஒரு மணி நேரமா?" கிரண்குமார் கத்தினான். "கல்யாணத்துக்கும் லேட்டா வந்தீங்க. இதுக்குமா?"

தொண்ணூறு. நூறு. மற்ற வீடியோக்கள் ஏறத் தொடங்கும்போது தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது.

கிரண்குமார் அவள் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். பொத்தான் வைத்த டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். கடப்பாரை சிமெண்டில் இடிக்கும் சத்தம் கேட்டது. மேளம் நின்றது.

கலைவாணி ரத்தத்தைத் துப்பினாள். புது டிஸ்க் லேப்டாப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பூட்டு கிடையாது. முதல் வீடியோவைத் திறந்தாள்.

"வேணாங்க... மூச்சு முட்டுது..."

உடைந்த கதவருகே நின்ற பாலையா தன் மகளின் குரலைக் கேட்டார். முழுதும் பார்க்கவில்லை.

வெளியே கிரண்குமார் நொறுங்கிய தகடுகளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். "இப்ப எந்த நம்பர போட்டுத் தெறப்பீங்க? போடுங்க மாமா கோடிய!"

பாலையா அவன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். அவன் கொடுத்தான், ஓரமாக வைக்கத்தான் கேட்கிறார் என்று. முழங்காலில் ஒரே அடி. எலும்பு முறிந்தது தெருமுனை வரை கேட்டது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது நாலு பேர் அவரைக் கட்டிப்பிடித்தார்கள்.

"நைனா, போதும். போலீசுக்கு சொல்லிட்டேன்," என்றாள் வாசலுக்கு வந்த கலைவாணி.

அவர் கடப்பாரையைப் போட்டார். புழுதியில் கிரண்குமார் அலறிக்கொண்டிருந்தான். பிணத்தை வைத்திருந்த வாடகை ஐஸ் பெட்டி சித்தூருக்குத் திரும்ப ஆட்டோவில் ஏறியிருந்தது. பாலையா போய் வண்டியின் சாவியைத் திருப்பி அணைத்தார்.

"எறக்குப்பா. போலீசு வந்து பாக்காம எம்பொண்ண எடுக்க மாட்டோம்," என்றார் டிரைவரிடம். பெட்டியின் ஒரு முனையை அவரே பிடித்தார்.