எதிர்வரிசையின் முறை

சிஸ்டர் குழந்தையம்மாளை அடக்கம் செய்த சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அவர் உட்கார்ந்து செபித்து வந்த பெஞ்சிலிருந்து, அதில் யாரும் இல்லாதபோதே, திருப்பாடல் தொடங்கியது. 2019ஆம் வருடம், ஆவணி மாதம். பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை போகிற சாலையில், பஸ் நிற்காத ஒரு வளைவுக்கு உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது அந்தக் கன்னியர் மடம். அன்று மழை இல்லை, காற்று சுமார். தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் குரலைக் கேட்டார்கள். மடத்துக்கு ஆள் வந்திருக்கிறது என்று பேசிக்கொண்டு, மட்டையைக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மடத்து வழக்கத்தைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, செபிப்பதுதான் வேலை. சிற்றாலயத்தில் பீடத்துக்கு இந்தப் பக்கம் பிரம்பு பின்னிய ஒரு நீளப் பெஞ்சு, அந்தப் பக்கம் அதேபோல் ஒன்று, முகத்துக்கு முகம் பார்த்தபடி. திருப்பாடலில் ஓர் அடியை ஒரு வரிசை சொல்லும், அடுத்த அடியை எதிர்வரிசை சொல்லும். ஒரு வாரம் இந்த வரிசை தொடங்கினால் மறுவாரம் அந்த வரிசை தொடங்கும். சனிக்கிழமை மாலைச் செபத்தோடு முறை மாறும். 1974இல் மடத்தைத் திறந்தபோது பக்கத்துக்கு ஆறு பேர் இருந்தார்கள். ஒருவர் இதயக் கோளாறில் போனார், இருவர் வயதாகிப் போனார்கள், ஒருவர் டீச்சர் வேலைக்கு ஆசைப்பட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போனார், ஆறு பேரை மருந்து மாத்திரை வசதிக்காகப் பெரியநாயக்கன்பாளையத்தில் சபையின் தலைமையிடமான தாய் இல்லம் அழைத்துக்கொண்டது. மிஞ்சியது பக்கத்துக்கு ஒருவர். இந்தப் பக்கம் அற்புதம், எதிரே குழந்தையம்மாள். இருவரும் பதினோரு வருடம் அப்படியே செபித்தார்கள். ரசத்துக்குப் பெருங்காயம் போதுமா போதாதா என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு சண்டை வந்ததில்லை.

அன்றைக்கு அற்புதம் செய்தது ஒரு பிசகு. தனியாக இருப்பவர் இரண்டு பக்கத்தையும் தானே சொல்லிக்கொள்ளலாம், செப முறையில் அதற்கு இடம் உண்டு. ஆனால் மண் போட்ட கை கழுவிய ஈரம்கூடக் காயாமல் வந்து நின்றவருக்கு அது நினைவில்லை. இந்த வாரம் எதிர்வரிசையின் முறை என்பது மட்டும் நாற்பது வருடப் பழக்கத்தில் உடம்புக்குத் தெரிந்திருந்தது. தலை குனிந்து, அவர்கள் தொடங்கட்டும் என்று காத்து நின்றார். அரிசி களைந்து உலையில் போடுகிற நேரம் ஆகியிருக்கும். எதிரே பிரம்பு முனகியது, புத்தகத்தில் தாள் புரண்டது, துணைக்கு வரும்படி கடவுளைக் கூப்பிடுகிற முதல் வரியை அங்கிருந்து ஒரு குரல் சொன்னது. அற்புதம் அடுத்த வரியைச் சொன்னார். குழந்தையம்மாள் இறந்துபோனது நினைவுக்கு வந்தபோது மூன்றாவது திருப்பாடலில் பாதி ஆகியிருந்தது. பாதியில் நிறுத்துவது மரியாதை இல்லை என்பதால் முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறுநாள் காலையிலும் குரல் வந்தது, மதியமும் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம்பிதுரை நான்காம் நாள் பால் கொண்டுவந்தபோது வேலியோரம் நின்று கேட்டார்.

"ஏனுங்க சிஸ்டரம்மா, புதுசா ஆரோ வந்திருக்காங்களாட்ட?"

"புதுசா இல்லீங்க. முன்னயே இருந்தவருதானுங்க."

"குரலு நல்லா கேக்குதுங்க. மரத்து மேல நின்னு தேங்கா போடறவன் பேசுவானில்ல, மேலயிருந்து வாராப்பலயும் இருக்குது, காதுகிட்ட சொல்றாப்பலயும் இருக்குது. அதான் கேட்டேன்."

அவர் பாலை ஊற்றிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அரை லிட்டருக்குப் பதில் ஒரு லிட்டர் பால் வந்தது. செப வேளையில் மோட்டாரை நிறுத்தி வைத்தார். மாசாணியம்மனுக்கு நேர்ந்துகொள்கிற குடும்பம்தான் அவருடையது. ஆனாலும் இந்த வாரம் எந்தப் பக்கத்து முறை என்பது அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மருமகள் ரித்திகா ஒரு நாள் செல்போனில் பதிவு செய்து பார்த்தாள். அதில் அற்புதத்தின் அடிகள் மட்டும் விழுந்திருந்தன. நடுவில் இருந்த இடைவெளிகளில் மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று அவள் சத்தியம் செய்தாள்.

"நாம பேசும்போது மாமா டிவிய அமத்துவாரில்லீங்க அத்தே, அதாட்ட விசிறியே அமத்திக்குச்சாட்டிருக்குது" என்று மாமியாரிடம் சொன்னாள்.

2021இல் அற்புதத்துக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தது. ஒரு மாலை திருப்பாடலின் நடுவில், தன் அடியைச் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே சரிந்து, மூன்று நாள் கட்டிலில் கிடந்தார். தம்பிதுரையின் வீட்டம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தார். எதிர்வரிசை தன் அடியைச் சொல்லி முடித்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தது. அந்த மூன்று நாளும் தோப்பில் ஒரு மட்டை விழவில்லை, ஒரு குரும்பை உதிரவில்லை, சுவரில் ஏறிய மயில் சுவரிலேயே நின்றது. நான்காம் நாள் அற்புதம் சுவரைப் பிடித்துக்கொண்டே போய் உட்கார்ந்து, விட்ட அடியைச் சொன்னார். தோப்பு முழுக்க நெற்றுக் காய்கள் சடசடவென்று விழுந்தன. எதிரே அடுத்த அடி, நேற்று விட்டதுபோல் தொடர்ந்தது.

2023 ஐப்பசியில் மதர் டீனா காரில் வந்து இறங்கினார். தாய் இல்லத்தின் தலைவி, நாற்பத்தாறு வயது, நாலு பள்ளிக்கூடத்தையும் ஒரு முதியோர் இல்லத்தையும் போனிலேயே நடத்துகிறவர். கெட்டவர் இல்லை. திருப்பாடல் சொல்ல இரண்டு வரிசை இல்லாத இடம் மடம் ஆகாது என்று சபைச் சட்டத்தில் இருக்கிறது. நாலு வருடம் கண்டும் காணாமல் இருந்தவர், எழுபத்திரண்டு வயதுக்காரியைத் தோப்புக்குள் இனியும் தனியாக விடக்கூடாது என்று முடிவு செய்து, பூட்டும் சாவியும் கையோடு கொண்டுவந்திருந்தார். அற்புதம் சரி என்றார். கீழ்ப்படிவதாகக் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். இரண்டு அங்கி, ஒரு கம்பளி, மூட்டுவலித் தைலம், எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் வைத்து மூடினார். பிறகு கேட்டார்:

"நா வாரனுங்க மதர். அவருகிட்ட ஆருங்க சொல்றது?"

"எவருகிட்ட?"

"எதுத்தாப்பல இருக்கறவருகிட்டங்க."

டீனாவுக்கும் காதில் விழுந்த கதைதான். மூத்தவர் மனம் நோகாமல் பேசினார். "ஆண்டவர் எங்கயும் இருக்காருங்க சிஸ்டர். அங்கயும் வருவாரு."

"வருவாருங்க. அவருக்கென்ன, காலு நல்லா இருக்குது. நாந்தான் சாகற முட்டும் இங்கயே இருக்கறேன்னு அவரு முன்னால சொல்லிப்போட்டேன். சொல்லாம கொள்ளாம கார்ல ஏறுனா நல்லாவா இருக்கும்? மாலைச் செபம் முடிச்சுப்போட்டு நானே சொல்லிக்கறனுங்க."

அன்று சனிக்கிழமை. அதுவும் எதிர்வரிசையின் முறை. காலிப் பெஞ்சைப் பார்த்து வயதானவர் நிற்பதைக் காணப் பொறுக்காமல், டீனா தானே போய் எதிர்ப்பெஞ்சில் உட்கார்ந்தார். அற்புதம் தலை குனிந்து காத்திருந்தார். டீனாவும் காத்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து அடி மாற்றி அடி சொல்லிப் பதினாறு வருடம் ஆகிவிட்டது அவருக்கு. கார் ஓடும்போது செல்போனில் செபத்தைப் படித்துக்கொள்வதுதான் வழக்கம், அதிலும் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள். நேரம் போனது. பல்லி கூடச் சத்தமிடவில்லை. பாவம், இத்தனை நாளும் இப்படித்தான் வெறுமனே நின்றிருக்கிறார் என்று டீனா நினைத்துக்கொண்டார்.

"தொடங்குங்க சிஸ்டர்" என்றார் மெதுவாக.

"நீங்க உக்காந்திருக்கற பக்கத்து முறைங்க மதர்" என்றார் அற்புதம், தலையை நிமிர்த்தாமல். "நீங்க சொல்லுவீங்கன்னுதான் அவரும் உட்டுட்டு இருக்கறாரு."

டீனா முதல் வரியைத் தொடங்கினார். துணைக்கு வாரும் என்று கேட்கிற அந்த வரி, எத்தனையோ தடவை கட்டைவிரலால் தள்ளிவிட்ட வரி, வாய் திறந்து சொல்லும்போது பாதியில் நின்றுவிட்டது. மிச்சப் பாதியை முடித்தவர் அவர் அல்ல. இடது பக்கம் ஒருவர் உட்காருகிற அளவுக்குப் பிரம்பு தாழ்ந்தது. பெஞ்சு சரிந்ததில் டீனாவும் ஒரு விரற்கடை அந்தப் பக்கம் சாய்ந்தார். ரொம்ப தூரம் நடந்து வந்தவருடைய மூச்சு கேட்டது. செம்மண் வாசனையும் வெயிலில் நின்ற துணியின் வாசனையும் அடித்தது. அற்புதம் தன் அடியைச் சொன்னார். எதிர்வரிசை இரண்டு குரலில் பதில் சொன்னது. டீனாவின் குரல் இடறிய இடத்திலெல்லாம் மற்றக் குரல் கொஞ்சம் மெதுவாகி, அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தது. வேலிக்கு அப்பால் தம்பிதுரை மோட்டார் சுவிட்சில் கை வைத்தபடி நின்று கேட்டார். எதிர்வரிசையில் இரண்டு பேர் என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னார்.

செபம் முடிந்தும் டீனா எழவில்லை. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் டீனா கேட்டார்.

"முதல் வரியையும் அவரே சொல்றாரே சிஸ்டர். துணைக்கு வான்னு அவரு யாரைக் கூப்பிடறாரு?"

"அவரும் ஒரு நாள் சிலுவையில இருந்து மேல பாத்துக் கூப்பிட்டவருதானுங்களே. நம்மகூட சேந்து கூப்பிடறாரு, அவ்வளவுதான்."

"நீங்க ஒரு தடவையாவது நிமிந்து பாத்திருக்கீங்களா?"

அற்புதம் யோசித்தார். "பாக்கோணும்னு தோணுனதில்லீங்க மதர். ஊட்டுல இருக்கறவங்கள நிமிந்து நிமிந்து பாத்துட்டேவா இருக்கறோம்? இருக்கறாங்கன்னு தெரியும், வேலையப் பாக்கறோம். இப்ப சொல்லிப்போடட்டுங்களா, பெட்டிய எடுக்கறதுக்கு முன்னால?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் டீனா. தகரப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் அற்புதத்தின் கட்டிலுக்கு அடியில் வைத்தார். கொண்டுவந்த பூட்டு காரிலேயே இருந்தது.

தாய் இல்லத்துக்குத் திரும்பியதும், ஒவ்வொரு மடத்துக்கும் வருடா வருடம் எழுதுகிற அறிக்கையில், இந்த மடத்துக்கு நேரே இருவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தட்டச்சு செய்கிற சிஸ்டர் தாளோடு வந்து நின்றார்.

"மதர், இன்னொருத்தர் பேரு உட்டுப்போச்சுங்களே."

"விடலியே. நம்ம சபையோட மொதல் ரெஜிஸ்டர எடுத்துப் பாரு. மொதல் பக்கம், மொதல் வரி."

"அதுல சிஸ்டருங்க பேரே இல்லீங்க மதர். 'இயேசுவின் நாமத்தில்'னு மேல போட்டிருக்குது, அவ்வளவுதான்."

"அவருதான். சபையில சேந்த வருசம் கேட்டாங்கன்னா, ஆரம்பத்துலயிருந்துன்னு போடு."

அப்படியே அச்சாகி வந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. டீனா இப்போது செபத்தைக் காரில் படிப்பதில்லை. எங்கே இருந்தாலும் வேளைக்கு வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பக்கத்தில் ஒருவர் நிற்க இடம் விட்டு நின்று சொல்கிறார். தம்பிதுரை வீட்டிலிருந்து ஒரு லிட்டர் பால் வந்துகொண்டிருக்கிறது. எதிர்ப்பெஞ்சின் பிரம்பு நடுவில் குழிந்துவிட்டதால், போன மாதம் பொள்ளாச்சியிலிருந்து ஆள் வரவழைத்துப் புதிதாகப் பின்னினார்கள். அற்புதத்துக்குக் காது கொஞ்சம் மந்தம். எதிரே இருப்பவர் குரலை உயர்த்திச் சொல்கிறார். இந்த வாரம் எதிர்வரிசையின் முறை.