அம்பத்திமூணாவது வரி

சேலத்துக் கண் டாக்டர் அதைச் சொல்லிப் பதினோரு நாளும் நாலு மணி நேரமும் ஆகியிருந்தன. கலைமணி இன்னும் வீட்டில் சொல்லவில்லை. பஸ் இறங்கி வந்த அன்று, "அசதிதானாம்மா, சொட்டு மருந்து குடுத்திருக்காங்க" என்றாள். அம்மா அத்தாயி அதற்கு மேல் கேட்கவில்லை.

வாசலூர்பட்டி வீட்டில் இருந்தபடியே அவள் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதினாள். எழுத்தைப் பெரிதாக்கினால் படிக்க முடிந்தது. முடியாமல் போனது ஒரு சின்ன விஷயம்தான். திறக்கும் அடைப்புக்குறியில் கர்சரை வைத்தால், அதற்குரிய மூடும் குறியைச் சுற்றி, நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் மெல்லிய சாம்பல் நிறக் கட்டம் போடும். எந்தத் திறப்புக்கு எந்த மூடல் என்று அதை வைத்துத்தான் தெரியும். நாலு வருடமாக அந்தக் கட்டத்தை அவள் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இப்போது அது கண்ணில் படவே இல்லை. நிறத்தை மாற்றிப் பார்த்தாள். நேராக ஜோடிக் குறிக்குத் தாவும் விசையையும் அழுத்திப் பார்த்தாள். தாவிப் போன கர்சரைத் தேடுவது அதைவிடப் பெரும்பாடாக இருந்தது.

அதனால் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஒரு வெளையாட்டும்மா. இந்தக் கொக்கியத் தொட்டா இன்னொரு கொக்கியச் சுத்திக் கட்டம் வரும். எத்தனாவது வரின்னு சொல்லு."

அத்தாயிக்கு அது பிடித்துப்போனது. மிளகு உதிர்த்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தினமும் வந்து உட்கார்ந்தாள். "நாப்பத்தொண்ணு. பாரு சாமி, இத்தன தள்ளி நின்னும் தொட்டதும் முழிச்சுக்குது. உங்கப்பன உலுக்குனாலும் முழிக்காது."

கலைமணி சிரித்தாள். தோளோடு தோள் இடித்தது. இப்படியே ஓட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. வேலையும் போகாது, அம்மாவும் அழமாட்டாள்.

இன்று மதியம் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடைப்புக்குறிகள்.

"எங்கம்மா வந்திருக்குது?"

"அம்பத்திமூணு."

அதற்கடுத்து ஒரு வரி சேர்த்து நிரலை ஓடவிட்டாள். பிழை. மறுபடி கேட்டாள்.

"அதான் சொன்னேனே, அம்பத்திமூணு. நீயே பாரு."

கலைமணி மூக்கு திரையில் படுமளவு குனிந்தாள். "ஆமாம்மா, அங்கதான் இருக்குது" என்றாள்.

வெளியே பாயில் காயும் மிளகின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அத்தாயி எழுந்து போய் அதை வாரவில்லை.

"அம்பத்தாறு சாமி" என்றாள் மெதுவாக. "வேணுமின்னேதான் தப்பாச் சொன்னேன்."

மகளின் விரலைப் பிடித்துக் கட்டம் இருந்த இடத்தில் வைத்தாள். திரை லேசாகச் சுட்டது. விரல் அங்கேயே இருந்தது. அம்மாவும் கையை எடுக்கவில்லை.

"எடது கண்ணு போயிருச்சும்மா" என்றாள் கலைமணி. "இதுவும் போயிட்டிருக்குது."