பேசாத லைன்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் எல்லா டப்பாவும் சொன்ன பேச்சைக் கேட்டது, கிரேனுக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைத் தவிர. டப்பா என்றால், கம்பங்களில் மாட்டியிருக்கும் சிறு வெள்ளைக் கருவிகள். யார்டு ஆட்கள் வைத்திருக்கும் கார்ட்லெஸ் போன்களுக்கு அவைதான் சிக்னல் தரும். அவற்றில் புது சாஃப்ட்வேர் ஏற்றத்தான் எங்கள் கம்பெனி என்னை அனுப்பியிருந்தது. ஒன்று விடாமல் முடித்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். 2007-ல் வியாசர்பாடிப் பெண்ணுக்கு அது சின்ன விஷயமில்லை.

அந்த ஒரு டப்பா மட்டும் அசையவில்லை. அதன் வழியாக யாரோ பேசிக்கொண்டிருப்பதாக லேப்டாப் காட்டியது. காலையிலிருந்து ஒரே கால். கம்பெனி போனில் அப்படி என்ன கொஞ்சல் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரென்று பார்க்கப் போனேன்.

ஒரு முனையில் கிரேன் ஓட்டும் லூர்து, உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள். மறுமுனையில் ஷாகுல் ஹமீது, கீழே நின்று கன்டெய்னர் பெட்டிகளுக்கு இடம் காட்டுகிறவர். போன் அவர் சட்டைப்பையில் தலைநீட்டிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

“பேசாம எதுக்கு பாய் லைனைப் புடிச்சிகினு கீறீங்க?”

“பெட்டி மறைச்சா நான் அவனுக்குத் தெரிய மாட்டேம்மா. பெட்டி எறங்குற ஜல்லியில நடந்தா ஒரு சத்தம், ஓரத்து சிமெண்டு மேடையில ஏறிட்டா வேற சத்தம். நான் மேடையில நடக்குறது காதுல வுழுந்தாத்தான் எறக்குவான்.”

“எப்பதான் கட் பண்ணுவீங்க?”

“ஜும்மாவுக்குப் போசொல்லோ.”

நல்லவேளை, அன்று வெள்ளிக்கிழமை. அவர் பள்ளிவாசலுக்குப் போனதும் டப்பா சாதுவாக சாஃப்ட்வேரை ஏற்றுக்கொண்டது. யார்டு மேனேஜர் வேலப்பன் போனில் பேசிப் பார்த்துவிட்டு, “இரைச்சலே இல்லம்மா, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கீது” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மதியம் பாய் திரும்பி வந்து வேலை தொடங்கியதும் கிரேன் பாதியில் நின்றது. பெட்டி அந்தரத்தில் தொங்கியது. “ஒண்ணும் கேக்கல. பாய் எங்க?” என்று லூர்து போனில் கத்திக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. புது சாஃப்ட்வேர் பேச்சை மட்டும் விட்டுவிட்டு மற்ற சத்தத்தையெல்லாம் வடிகட்டிவிடும். அதைத்தான் பெருமையாக விற்றுக்கொண்டிருந்தோம்.

விஷயத்தைச் சொன்னேன். வேலப்பன் அசரவில்லை. “அதுக்கு இன்னா? மேடையில ஏறிட்டேன்னு வாயால சொல்லட்டும். வாய் இல்லையா?”

அப்படியே செய்தார்கள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஷாகுல் பாய் மேடையில் ஏறி “ஏறிட்டேன்” என்றார். பெட்டி இறங்கத் தொடங்கியது. அடியில் போட்ட கட்டை கோணலாக இருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் சட்டென்று இறங்கிப்போய்க் குனிந்தார். கால் சத்தம் கேட்டால் லூர்து நிறுத்திவிடுவார் என்று அவர் உடம்புக்குத் தெரியும். லூர்துவுக்கோ எதுவும் கேட்கவில்லை. பெட்டி வந்துகொண்டே இருந்தது.

நான் பாயை நோக்கி ஓடினேன். “நிறுத்துண்ணா! பாய் அடியில கீறாரு!” என்று அலறினேன். அவர் பையிலிருந்த போனில் அந்த அலறல் போயிருக்க வேண்டும். பெட்டி நின்றது. பாய் நிமிர்ந்திருந்தால் தலையில் இடித்திருக்கும். நான் அங்கேயே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்ததும் நேராக லேப்டாப்பைத் திறந்தேன். வேலப்பன் பின்னாலேயே வந்தார்.

“இன்னா பண்ற?”

“இந்த டப்பாவுல பழசையே திருப்பிப் போடுறேன்.”

“எல்லாத்துலயும் புதுசு இருக்கணும்னு ஆர்டரும்மா. உன் வேலைக்கே வேட்டு வைப்பாங்க.”

“வைக்கட்டும் சார். ‘செங்கொடி முடிக்கல’ன்னு என் பேரைச் சொல்லிடுங்க.”

பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பட்டனை அழுத்தினேன். வேலப்பன் கிரேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டப்பா அணைந்து, மறுபடி உயிர்பெற்றது. ஷாகுல் பாய் லூர்துவைக் கூப்பிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டார். கட்டையை நேராக்கினார். ஜல்லியில் நடந்தார். மேடையில் ஏறி இரண்டு எட்டு வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

பெட்டி இறங்கியது.