சவுரிராயன் கார்டு

பதினாறு வருஷமாகக் கால்பந்து ஆடுகிறேன். என் பேரில் ஒரு கோல்கூட இல்லை. போட்டது என்னவோ நூறைத் தாண்டும். கடலூரில் நான் துபாய்க்குப் போன ஒருவன். செங்கல்பட்டில் கல்யாணமானதும் ஆட்டத்தை விட்ட புதுமாப்பிள்ளை. சிதம்பரத்தில் முட்டி போன போலீஸ்காரன். எந்த டீமில் ஃபார்வர்டு குறைகிறானோ அவனுடைய லீக் அடையாளக் கார்டை என் கையில் கொடுத்து இறக்கிவிடுவார்கள். கீழ்மட்ட லீக்கில் இது ஊரறிந்த ரகசியம். கார்டில் இருக்கும் போட்டோவைப் பார்த்தால் ரெஃப்ரிக்கு அவருடைய மாமனார் மாதிரிகூடத் தெரியும், அவ்வளவு தெளிவு.

கள்ள ஆட்டம்தான். ஆனாலும் எனக்கென்று ஒரு விதி வைத்திருந்தேன். யார் பேரில் ஆடுகிறேனோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். துபாய்க்காரனுக்குக்கூட போன் போட்டுக் கேட்டேன்.

இந்த வருஷம் திண்டிவனம் ரயிலடி ஃப்ரெண்ட்ஸ் மேனேஜர் சீனுவாசன் நீட்டிய கார்டில் சவுரிராயன் என்று இருந்தது. அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் பையன். லீக்கில் இரண்டு ஆட்டம் முடிந்த நிலையில், மயிலம் போகும் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். புது ஆளைப் பதிவு செய்ய வேண்டிய தேதியும் தாண்டிவிட்டது.

"செத்தவன் கார்டாண்ணா?" என்றேன்.

"லீக்குக்கு நாங்க சாவு சேதி எழுதிக் குடுக்கலப்பா. லிஸ்ட்ல அவன் உயிரோடதான் கீறான். கண்டவன் பேர்லல்லாம் ஆடினவன் நீ, இதுக்குப் போய் பேஜாரு பண்ற?"

நான் திரும்பி நடந்திருப்பேன். ஆனால் சீனுவாசன் இன்னொன்றும் சொன்னார். விழுப்புரத்தில் நடக்கும் ஃபைனலுக்குப் புதுச்சேரி கிளப் ஒன்றின் கோச் வருகிறார், நம் ஒன்பதாம் நம்பரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், பிடித்துவிட்டால் உன் சொந்தப் பேரிலேயே கார்டு என்றார். இன்னாசிராஜ் என்று அச்சடித்த கார்டு. எனக்கு முப்பத்து நாலு வயது. இந்த வருஷம் விட்டால் இனி எந்த வருஷமும் இல்லை. கார்டை வாங்கிக்கொண்டேன்.

கேட்க வேண்டியவன் இல்லாததால் அவன் அம்மா இருதயமேரியிடம் போய்க் கேட்டேன். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தவில்லை.

"ஆடு தம்பி. மேட்சுக்கு முன்னாடி பேரு கூப்புடுவாங்கல்ல, அத வந்து கேட்டுக்கினு போறேன். வூட்ல இப்ப அவன் பேர யாரும் சொல்றதில்ல."

அந்த டீமில் என் முதல் ஆட்டம். வரிசையில் நின்றோம். ரெஃப்ரி பேரைக் கூப்பிட்டால் நாம் ஜெர்சி நம்பரைச் சொல்ல வேண்டும். "சவுரிராயன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் "ஒன்பது" என்று ஒரு குரல் கேட்டது. ரெஃப்ரி டிக் போட்டுக்கொண்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். எனக்கு இந்தப் பக்கம் எட்டும் அந்தப் பக்கம் பத்தும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் ஆளே இல்லை. கம்பி வேலிக்கு வெளியே இருதயமேரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எவனோ குறும்பு பண்ணுகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே குரல். நாலாவது ஆட்டத்திலிருந்து நான் வாய் திறப்பதையே விட்டுவிட்டேன். பந்தும் எனக்கு வரவில்லை. நான் வலக்கால்காரன், வலப்பக்கம் ஓடுவேன். பாஸ் எல்லாம் ஆளில்லாத இடப்பக்கம் போனது. பாஸ் கொடுத்த பையனை ஒருநாள் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நீதானேண்ணா அந்தாண்ட நின்னுக்கினு கைய தூக்கின?" என்றான்.

நான் கையைத் தூக்கவே இல்லை.

வானூர் டீமோடு ஆட்டம் இருந்த அன்று எனக்கு நல்ல ஜுரம். போனை அணைத்துவிட்டுத் திண்டிவனத்தில் என் அறையிலேயே கிடந்தேன். மறுநாள் காலையில் சீனுவாசன் பழத்தோடு வந்தார்.

"ஜுரத்தோட வந்து ஆடினியேப்பா! யாராண்டயும் ஒரு வார்த்த பேசல. கோல போட்ட, வேனுக்குக்கூட நிக்காம ஜல்தியா பூட்ட!"

ஸ்கோர் ஷீட்டை போனில் காட்டினார். எழுபத்து மூன்றாவது நிமிஷம், சவுரிராயன். நான் வரவில்லை என்று சொன்னால் கேள்வி வரும், ஃபைனல் கைவிட்டுப் போகும். "கொஞ்சம் தெம்பு இருந்துதுண்ணா" என்று சிரித்து மழுப்பினேன். செத்தவனின் கோலையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

ஃபைனல் அன்று புதுச்சேரி கோச்சிடம் கொடுப்பதற்கு என் போட்டோ வேண்டும் என்று சீனுவாசன் சொல்லியிருந்தார். போட்டோக் கடையில் கரண்ட் இல்லை. காத்திருந்து வாங்குவதற்குள் டீம் வேன் போய்விட்டது. பஸ் பிடித்து விழுப்புரம் மைதானத்துக்கு நான் ஓடி வந்தபோது இரண்டாம் பாதியே தொடங்கியிருந்தது.

"பேரு?" என்றான் கேட்டில் நின்றவன்.

"சவுரிராயன்."

"அவுரு உள்ள ஆடிக்கினு கீறாரே."

பார்த்தேன். எங்கள் டீமில் பதினொரு பேரும் இருந்தார்கள். ஒன்பதாம் நம்பர் முதுகைக் காட்டிக்கொண்டு இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். ஒல்லியான உடம்பு, கணுக்காலில் சரிந்த சாக்ஸ்.

"என் பேரு இன்னாசிராஜ்" என்றேன்.

"அந்தப் பேர்ல லிஸ்ட்ல யாரும் இல்லீங்களே."

பார்வையாளர் பக்கம் போனேன். இருதயமேரியம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உங்களுக்குத் தெரியுதாம்மா?"

"மொத மேட்ச்லேர்ந்தே தெரியுது. நீயும் ஆடின, அவனும் ஆடினான். இன்னிக்கு நீ வரல, அவன் மட்டும் ஆடறான்" என்றார் அம்மா, கண்ணை எடுக்காமல்.

அவன் முகத்தைப் பார்த்துவிட எவ்வளவோ முயன்றேன். அவன் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் சாயங்கால வெயில் என் கண்ணில் அடித்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது இடக்காலால் ஒரு அடி அடித்தான். கோல்கீப்பர் அசையவே இல்லை. பதினாறு வருஷத்தில் நான் அப்படி ஒரு கோல் போட்டதில்லை. பொறாமையில் எனக்கு அழுகை வந்தது.

முன்வரிசை நாற்காலியில் நோட்டோடு இருந்தவர் திரும்பினார். புதுச்சேரி கோச்.

"யாருப்பா அந்த ஒன்பது? அசல் பேரச் சொல்லு. இந்த லீக்ல யாரு யாரு கார்டுல ஆடறாங்கன்னு எனக்கும் தெரியும்."

என் சட்டைப்பையில் போட்டோ இருந்தது. இன்னாசிராஜ் என்று சொன்னால் போதும். அவர் எழுதிக்கொள்வார், கார்டு வந்துவிடும். அம்மா என்னைத் தடுக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அந்தக் கார்டு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை.

"சவுரிராயன்" என்றேன்.

"அது கார்டு பேரு. அசல் பேரு?"

"அசல் பேரே அதாங்க."

எழுதினார். "வயசு?"

பக்கத்திலிருந்து இருதயமேரியம்மா பதில் சொன்னார்.

"இருபத்தி நாலுங்க. அதுக்கு மேல ஏறாது."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.