தங்க ஓரச் சான்றிதழ்

“பிரஸ் ஷாப்ல இருக்க எல்லாருக்கும் ஆளுக்கொரு சர்ட்டிபிகேட் வேணும்மா. பாதுகாப்புப் பயிற்சி எடுத்தாச்சுன்னு அடிச்சு, சாயந்திரத்துக்குள்ள என் மேசையில வச்சிரு” என்றார் சுடலைமுத்து.

மாதேஸ்வரியின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றுவிட்டன.

“பயிற்சி எப்ப சார் நடந்துச்சு?”

“நடந்துச்சுன்னு வச்சுக்கோ.”

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே போய்விட்டார்.

ஓசூர் சிப்காட்டின் கோடியில், இரு சக்கர வண்டிகளுக்குப் பிரஸ் மிஷினில் தகடு அடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. சுடலைமுத்துதான் மேனேஜர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தொழிலாளியாகச் சேர்ந்து, மேலே ஏறியவர். முதலாளி பெங்களூரில் இருந்துகொண்டு போனிலேயே அவரை ஓட்டிக்கொண்டிருந்தார். இவர்கள் அடிக்கிற சரக்கை மொத்தமாக வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து மறுநாள் காலை ஆடிட்டுக்கு வருகிறார்கள். அதில் தோற்றால் ஆர்டர் போய்விடும்.

போன ஆடிட்டில் மாட்டியது ஆபீஸ் கம்ப்யூட்டர். அதில் இருந்தது லைசென்ஸ் இல்லாத திருட்டு சாப்ட்வேர் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். சுடலைமுத்து பெங்களூரில் யாரையோ கேட்டு ஒரு சி.டி. வாங்கிவந்தார். இலவச ஆபீஸ் சாப்ட்வேர். யாரும் வந்து கேள்வி கேட்க முடியாது. அதோடு கூடுதலாக எக்கச்சக்கமான மாதிரிப் பக்கங்களும் படங்களும் இருந்தன. கடிதம், பில், காலண்டர், அழைப்பிதழ் என்று எதைத் திறந்தாலும் பாதி வேலை முடிந்தே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதேஸ்வரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். உத்தனப்பள்ளியிலிருந்து வந்து, பிளஸ் டூவும் டைப்பிங்கும் மட்டும் கையில் வைத்திருந்தவளுக்கு அது ஒரு திருவிழாக் கடை போல இருந்தது. கேன்டீன் நோட்டீஸில் இட்லிப் படமும், குழாயடியில் கை கழுவும் படமும் போட்டு ஒட்டினாள். தமிழ் தெரிந்தவன், தெலுங்கு மட்டும் தெரிந்தவன், ஒன்றுமே படிக்கத் தெரியாதவன், எல்லோருக்கும் அது புரிந்தது. “மாதேஸ்வரி படம் போட்டா போதும்” என்று ஷாப்பில் பேச்சானது. அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அதே சாப்ட்வேரில் சான்றிதழ் என்ற பகுதியைத் திறந்தாள். தங்க நிற ஓரம் போட்ட ஒரு மாதிரி அழகாக இருந்தது. மூலையில் ரிப்பன் கட்டிய முத்திரைப் படம் ஒன்றை வைத்தாள். நிஜக் கல்லூரியில் கொடுப்பது போலவே ஆகிவிட்டது. ‘இயந்திரத்தின் சென்சாரைச் சோதித்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்’ என்று, மெக்கானிக் அறையில் ஒட்டியிருந்த பழைய தாளைப் பார்த்து ஒரு வரியும் சேர்த்தாள். பெயர்களை அடித்துக்கொண்டே வந்தவள், கோவிந்தப்பன் என்று அடித்ததும் நிறுத்தினாள்.

கோவிந்தப்பன் அவளுக்குச் சித்தப்பா முறை. அதே ஊர். மஞ்சள் காட்டிலும் ராகிக் காட்டிலும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், கம்பெனிகள் வந்த பிறகு பெரிய பிரஸ்ஸில் ஆபரேட்டர் ஆனார். இவளுக்கு இந்த வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

அந்தப் பெரிய பிரஸ்ஸில்தான் வில்லங்கம். கை உள்ளே போனால் மிஷின் தானாக நிற்பதற்கு அதில் ஒரு சென்சார் உண்டு. எண்ணெய்த் தகடு பட்டாலும் அது சும்மா சும்மா நிறுத்திக்கொண்டிருந்தது. போன வாரம் மெக்கானிக் சென்னப்பன் இந்த அறையிலேயே நின்று, “சென்சார பைபாஸ் பண்ணிட்டன் சார். பச்ச லைட்டு எரியும், ஆனா நிறுத்தாது” என்று சொன்னதை அவள் கேட்டிருந்தாள். “ஆர்டர் போகட்டும், பொறவு பாத்துக்கிடுவோம்” என்று சுடலைமுத்து முடித்துவிட்டார்.

எழுந்துபோய் அவரிடமே கேட்டாள். “பெரிய பிரஸ்ல சென்சாரே வேலை செய்யலியே சார்?”

“நாளைக்கு அது ஓடாதும்மா. தகட்ட அழுத்துற அச்சு, அந்த டை கழட்டியிருக்குன்னு சொல்லிருவேன். நீ கொளப்பிக்காத.”

அவள் திரும்பிவந்து பிரின்ட் கொடுத்தாள்.

காலையில் ஷிப்ட் ஏறும்போது சான்றிதழ்களைக் கொடுத்தார்கள். எண்ணெய் படக்கூடாது என்று கோவிந்தப்பன் துணியால் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு வாங்கினார். தங்க ஓரத்தைப் பெருவிரலால் தடவினார்.

“எம்பேர்ல இப்பிடி ஒரு காயிதம் வந்ததே இல்ல மாதேசு. ஊட்ல கண்ணாடி போட்டு மாட்டணும். இன்னாத்துக்குக் குடுத்தாங்க?”

“பாதுகாப்புப் பயிற்சி எடுத்ததுக்கு சித்தப்பா. சென்சார் சோதிக்கறது, அது இதுன்னு. யாராவது கேட்டா எடுத்தேன்னு சொல்லிடுங்க.”

“அவ்ளோதான? சொல்லிட்டாப் போச்சு.”

சென்சார் செத்துக்கிடக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. சுடலைமுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார். ஓடினாள்.

வந்தவர் நாகரத்னா என்ற பெண். பெங்களூர்க்காரர். தமிழ் புரியும், பேச வருவது கன்னடமும் ஆங்கிலமும். அதிகம் பேசாமல் ஒவ்வொரு மிஷினின் முன்னாலும் நின்று பார்த்தார். சுடலைமுத்து முன்னால் நடக்க, சான்றிதழ் நகல்கள் வைத்த பைலை மார்போடு அணைத்தபடி மாதேஸ்வரி பின்னால் போனாள். பெரிய பிரஸ்ஸின் முன்னால், இடுக்கியும் கையுமாகக் கோவிந்தப்பன் நின்றிருந்தார்.

“இது இன்னைக்கு ஓடலை மேடம். டை கழட்டியிருக்கு” என்றார் சுடலைமுத்து.

நாகரத்னா குனிந்து பார்த்தார். டை இருந்த இடத்திலேயே பளபளவென்று இருந்தது. அதைக் கழற்றியிருக்க வேண்டிய சென்னப்பன் அன்று வேலைக்கே வரவில்லை. சுடலைமுத்துவின் கழுத்தில் வியர்வை இறங்குவதை மாதேஸ்வரி பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. முதலாளி. ஷெட்டுக்குள் டவர் ஒரு நிமிஷம் தமிழ்நாடு, ஒரு நிமிஷம் கர்நாடகா என்று மாறும். பேச்சு விட்டுவிட்டு வரும். “ஒரு நிமிசம் மேடம்” என்று அவர் வெளியே விரைந்தார்.

நாகரத்னா கை நீட்டினார். மாதேஸ்வரி பைலைக் கொடுத்தாள். அவர் கோவிந்தப்பனின் தாளை எடுத்துப் படித்துவிட்டு, அவரைப் பார்த்து மரியாதையாகக் கன்னடத்தில் கேட்டார்: சென்சாரைச் சோதிக்கப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? எப்படிச் சோதிப்பீர்கள், காட்டுங்கள்.

கைக்குப் பதில் உள்ளே நீட்டிப் பார்க்கும் சோதனைக் குச்சியை எடுத்துக் காட்டுவார் என்றுதான் நாகரத்னா நினைத்திருப்பார். கோவிந்தப்பனுக்குக் கன்னடம் புரிந்தது; ஆனால் குச்சியும் தெரியாது, சோதனையும் தெரியாது. தெரிந்ததெல்லாம், கை போனால் மிஷின் நிற்கும் என்று சேர்ந்த புதிதில் யாரோ சொன்னது. தினமும் இடுக்கியால்தான் தகட்டை எடுப்பார். கையை உள்ளே விட்டதே இல்லை. ஆனால் இப்போது அவர் பேரில் தங்க ஓரம் போட்ட தாள் இருந்தது. அண்ணன் மகள் பக்கத்தில் நின்றாள். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு மோட்டாரைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. நாகரத்னா அடுத்த வரியைப் படிக்கத் தாளைப் பார்த்துக் குனிந்தார். கோவிந்தப்பனின் கால் பெடலுக்குப் போனது. வலது கை உள்ளே நீண்டது.

“சித்தப்பா, கைய எடு!”

அந்தக் குரல் தன்னுடையதென்றே மாதேஸ்வரிக்குத் தெரியவில்லை. மிஷினை உடனே நிறுத்த தூணில் இருந்த சிவப்புப் பட்டன் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். மேலிருந்து இறங்கிய இரும்பு, பாதியில் பெருமூச்சு விட்டது போல் சத்தம் போட்டு நின்றது.

அதன் அடியில் கோவிந்தப்பனின் கை அப்படியே இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“பச்ச லைட்டு எரியுதே...” என்றார், விளக்கைப் பார்த்தபடி.

நாகரத்னாதான் அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். ஷாப்பில் மற்ற பிரஸ்களும் ஒவ்வொன்றாக நின்றன.

“சென்சார் நிறுத்தாதுன்னு உனக்குத் தெரியுமா?” என்று நாகரத்னா ஆங்கிலத்தில் கேட்டார்.

“தெரியும் மேடம்” என்றாள் மாதேஸ்வரி. “ இந்தப் பயிற்சி எதுவுமே நடக்கல. இதெல்லாம் நான்தான் கம்ப்யூட்டர்ல அடிச்சேன்.”

வாசலில் போனும் கையுமாக நின்ற சுடலைமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். உள்ளே வந்தார். அவர் தன் மேல் பாய்வார் என்று அவள் ஒதுங்கினாள்.

“நான் சொல்லித்தான் அந்தப் பிள்ள செஞ்சுது மேடம்” என்றார். “சென்சார் இல்லாம மிஷின ஓடவிட்டதும் நான்தான்.”

அன்றே பெரிய பிரஸ்ஸைக் கட்டிப் பூட்டினார்கள். எல்லாம் சரியாகும்வரை சரக்கு எடுக்க மாட்டோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நாகரத்னா போனார். முதலாளி நேரில் வந்து கத்தினார். சுடலைமுத்துவை வேலையை விட்டு அனுப்பினார். அவர் பேரிகை ரோட்டில் வேறொரு கம்பெனியில் சேர்ந்ததாகப் பிறகு தெரிந்தது. மாதேஸ்வரியையும் அனுப்பத்தான் முதலாளி நினைத்தார். ஆனால் ஆடிட்டுக்கு மறுபடி காட்ட வேண்டிய வேலையெல்லாம் அவள் கையில் இருந்ததால் வைத்துக்கொண்டார்.

கோவிந்தப்பன் அவளோடு பேசவில்லை. கம்பெனி வேனில் அவள் ஏறினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருநாள் அவள் பொறுக்கமாட்டாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“என்னை மன்னிச்சிடுங்க சித்தப்பா.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்த மேனேஜரு எனக்கு யாரு? அவரு பொய் சொன்னா சொல்லிட்டுப் போறாரு. நீ என் கையில குடுத்த மாதேசு. நீ குடுத்தன்னுதான் நான் கைய வுட்டேன்.”

வேன் கெலமங்கலம் பிரிவைத் தாண்டும்வரை மாதேஸ்வரி தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.

சென்சாரை மாற்றினார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் வந்து நிஜமாகவே பயிற்சி நடத்தினார். கோவிந்தப்பன் முதல் வரிசையில் உட்கார்ந்து, தமிழிலும் தெலுங்கிலுமாகக் கேள்வி கேட்டு அவரைத் திணற அடித்தார். மாதேஸ்வரியும் பின்னால் நின்று கேட்டாள்.

அன்று மாலை வேனில் அவரே வாயைத் திறந்தார்.

“அந்தாளு கடைசியில இங்கிலீஸ்ல இன்னாமோ சொன்னாரே, மிஷின் பிரேக்கு தேஞ்சிருக்கான்னு எத்தன நாளைக்கு ஒருக்கா பாக்கணும்னு. அது இன்னா?”

மாதேஸ்வரிக்குச் சட்டென்று ஏதோ ஒரு பதில் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

“எனக்கும் சரியாப் புரியல சித்தப்பா. நாளைக்கு அவர்கிட்ட போன்ல கேட்டுட்டுச் சொல்றேன்.”

கோவிந்தப்பன் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“கேட்டுட்டே சொல்லு” என்றார்.